பழைய அமெரிக்க மசில் கார் முதன்முதலாக வாங்குகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்துகொண்டு 1960-களின், 70-களின் மசில் கார் ஒன்றை வாங்க ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதியது. பெரும்பாலானோர் எஞ்சினைப் பார்த்து மயங்கி வாங்கிவிடுகிறார்கள். பிறகு துருவுக்கும் பொய்த் தாளுக்கும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இங்கே தகட்டைப் பற்றியும் தாளைப் பற்றியும்தான் அதிகம் பேசியிருக்கிறோம்.

மசில் கார் என்று சரியாக எதைச் சொல்கிறார்கள்?

நடுத்தர அளவுள்ள, இரண்டு கதவுள்ள, சாதாரணக் குடும்பக் காரின் உடம்பில் பெரிய வி8 எஞ்சினைப் பொருத்திக் குறைந்த விலைக்கு விற்ற கார். 1964-இல் போன்டியாக் நிறுவனம் டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரில் 389 கன அங்குல எஞ்சினை வைத்து ஜி.டி.ஓ. என்று விற்றதைத்தான் பலரும் தொடக்கமாகச் சொல்வார்கள். செவல் எஸ்.எஸ்., பிளிமத் ரோடு ரன்னர், டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி எல்லாம் அதன் பின்னால் வந்தவை. மஸ்டாங்கும் கமாரோவும் அளவில் சிறியவை, அவற்றுக்குப் ‘போனி கார்’ என்று தனிப் பெயர் உண்டு. ஆனால் சந்தையில் எல்லாம் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. வாங்கும்போது பார்க்க வேண்டியதும் ஒன்றுதான்.

1970 தான் உச்சம். அந்த ஆண்டு செவல் எஸ்.எஸ். 454-இன் எல்.எஸ்.6 எஞ்சினுக்கு 450 குதிரைத்திறன் என்று அறிவித்தார்கள். 1971-இல் செவர்லே, போன்டியாக் ஆகியவற்றின் தாய் நிறுவனமான ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) தன் எஞ்சின்களின் கம்ப்ரெஷனைக் குறைத்தது. 1972 முதல் குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறியது: எஞ்சினைத் தனியே கழற்றி வைத்து அளந்த ‘கிராஸ்’ கணக்குப் போய், சைலன்சர், ஃபேன், ஏர் ஃபில்டர் எல்லாம் மாட்டி அளக்கும் ‘நெட்’ கணக்கு வந்தது. ஆகவே 1970 காரையும் 1972 காரையும் தாளில் உள்ள எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள்.

முதல் கார் எதுவாக இருக்கலாம்?

உதிரி பாகம் தாராளமாகக் கிடைக்கிற கார். 1965 முதல் 1970 வரையிலான மஸ்டாங், 1967–69 கமாரோ, 1968–72 செவல் ஆகிய மூன்றுக்கும் தரைத் தகடு முதல் டேஷ்போர்டு ரப்பர் வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். எஞ்சினும் எந்தப் பழைய மெக்கானிக்குக்கும் கைவந்தது. மோபார் எனப்படும் கிரைஸ்லர் குடும்பக் கார்களுக்கும் (டாட்ஜ், பிளிமத்) இப்போது பாகம் கிடைக்கிறது, ஆனால் உட்புற அலங்காரத் துண்டுகள் தேட வேண்டியிருக்கும், விலையும் கூடுதல்.

ஓட்டிப் பார்க்க வேண்டும், மாலையில் ஒரு சுற்றுப் போய்வர வேண்டும் என்றால் கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சினோ செவர்லேயின் எல்.எஸ்.6-ஓ தேவையே இல்லை. 335 குதிரைத்திறன் கொண்ட 383 கன அங்குல எஞ்சின் வைத்த ரோடு ரன்னர், 396 வைத்த செவல், 289 அல்லது 302 வைத்த மஸ்டாங் ஆகியவை தருகிற சந்தோஷம் குறைவல்ல. அரிய எஞ்சினுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அரிதானது என்பதற்கே போகிறது.

விலை நியாயமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காரின் நிலையை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறை ஒன்று உண்டு; கிளாசிக் கார் காப்பீட்டு நிறுவனமான ஹேகர்ட்டியின் விலைப் பட்டியல் இப்படித்தான் இருக்கும். 1 என்பது போட்டிக் காட்சிக்கு நிறுத்தும் கார், 2 மிகச் சிறந்தது, 3 நன்றாக ஓடும் சிறுசிறு குறைகளுள்ள கார், 4 சுமாரானது. விற்பவர் எல்லோரும் தங்கள் காரை 2 என்பார்கள். பெரும்பாலும் அது 3 தான். பெயின்ட் பளபளத்தாலும், அடியில் படுத்துப் பார்த்தால் கறுப்பு ஸ்ப்ரே அடித்த துரு தெரிந்தால் அது 2 ஆகாது.

தொலைக்காட்சி ஏலங்களின் விலையை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். 2014-இல் சியாட்டில் மீகம் ஏலத்தில் 1971 ஹெமி குடா (பிளிமத் பாரகூடாவின் வேக வடிவம்) கன்வெர்ட்டிபிள் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்த வகையில் செய்யப்பட்டவையே விரல்விட்டு எண்ணக்கூடிய சில கார்கள். உங்கள் தெருவில் விற்பனைக்கு நிற்கும் 318 எஞ்சின் பாரகூடாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்றால் என்ன? அதை நானே சரிபார்க்க முடியுமா?

தொழிற்சாலையில் அந்தக் காரில் பொருத்திய அதே எஞ்சினும் கியர் பாக்ஸும் இன்றும் அதில் இருக்கின்றன என்று பொருள். ஒரே வகை எஞ்சின் இருப்பது வேறு, அதே எஞ்சின் இருப்பது வேறு. விளம்பரத்தில் இந்த இரண்டையும் குழப்புவது சர்வசாதாரணம்.

1969 கமாரோ இசட்/28 ஒன்றை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி வழியாக டேஷ்போர்டில் தெரியும் வி.ஐ.என். என்கிற அடையாள எண் 124379என் என்று தொடங்கினால், செவர்லே, வி8 கமாரோ, கூப்பே, 1969, நார்வுட் தொழிற்சாலை என்று படிக்க வேண்டும். எஞ்சினுக்கு வாருங்கள். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், ஆல்டர்னேட்டருக்குக் கீழே, தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு தட்டையான மேடை இருக்கும். அழுக்கைத் துடைத்தால் ‘வி0211டிஇசட்’ போல ஒரு முத்திரை தெரியும். வி என்பது ஃபிளின்ட் ஆலை, 0211 என்பது பிப்ரவரி 11, டிஇசட் என்பது இசட்/28-க்கே உரிய 302 எஞ்சின். அருகிலோ ஆயில் ஃபில்டருக்கு மேலோ ‘19என்’ என்று தொடங்கி, வி.ஐ.என்.-இன் கடைசி ஆறு எண்களும் அடித்திருக்க வேண்டும்.

அடுத்து வார்ப்புத் தேதி. பிளாக்கின் பின்பக்கம், கியர் பாக்ஸ் சேரும் விளிம்பருகே, இரும்போடு இரும்பாக மேடெழுந்து நிற்கும். ‘ஏ 24 9’ என்றால் 1969 ஜனவரி 24: எழுத்து மாதம், நடுவில் நாள், கடைசியில் ஆண்டின் கடைசி இலக்கம். எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள தகட்டில் ‘02சி’ என்று இருந்தால் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் செய்த உடம்பு. ஜனவரி 24 வார்ப்பு, பிப்ரவரி 11 பூட்டல், பிப்ரவரி மூன்றாம் வாரக் கார் என்று எல்லாம் வரிசையாக வருகிறது. அதே காரில் வார்ப்புத் தேதி ‘சி 14 9’ என்றிருந்தால் மார்ச் 14. கார் பிறந்த பின்பு வார்த்த எஞ்சின். பேச்சே இல்லை, அது வேறு எஞ்சின்.

எஞ்சின் முத்திரை இருக்கும் அந்தத் தட்டையான மேடையில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் அந்தப் பரப்பைச் சீவிய கருவி, முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகளை விட்டுச் செல்லும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் அந்தக் கோடுகளும், அவற்றின் மேல் அடித்த எண்களும் தெரியும். எஞ்சினை ரீபில்டு செய்யும்போது அந்தப் பரப்பைக் கடைந்துவிட்டால் கோடும் எண்ணும் சேர்ந்தே போய்விடும். வழவழப்பான பரப்பில், அல்லது வட்ட வட்டமான கீறல் மேல், கூர்மையாகப் புது எண் நின்றால் யாரோ பிற்பாடு அடித்தது. இதை அடையாளம் காணக் கண் பழக வேண்டும். உண்மையான முத்திரைகளின் படங்களைப் பத்து இருபதாவது பார்த்துவிட்டுப் போங்கள்.

எஸ்.எஸ்., ஜி.டி.ஓ. பேட்ஜ் ஒட்டிய போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

போலி என்பதை விட ‘குளோன்’ என்பார்கள். செவல்லின் சாதாரண வகையான மலிபுவை எஸ்.எஸ். ஆக்குவது, லெமான்ஸை ஜி.டி.ஓ. ஆக்குவது. குளோன் என்று சொல்லி, குளோன் விலைக்கு விற்றால் அதில் தவறே இல்லை. ஓட்டுவதற்கு நல்ல தேர்வும்கூட. மறைத்து விற்பதுதான் சிக்கல்.

எந்த ஆண்டில் வி.ஐ.என். உண்மையைச் சொல்லும், எந்த ஆண்டில் சொல்லாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஜி.டி.ஓ. 1966 முதல் 1971 வரை தனித் தொடர்; எண் 242 என்று தொடங்கியே ஆக வேண்டும், 237 என்றால் லெமான்ஸ். 1964, 65-இல் அது லெமான்ஸின் கூடுதல் தொகுப்பு மட்டுமே என்பதால் எண்ணில் எதுவும் தெரியாது. செவல் எஸ்.எஸ். 396-க்கு 1966–68-இல் எண் 138 என்று தொடங்கும். 1969-இலிருந்து எஸ்.எஸ். வெறும் கூடுதல் தொகுப்பாகிவிட்டது. ஆக, எல்லோரும் தேடுகிற 1970 எஸ்.எஸ்.-ஐ வி.ஐ.என். வைத்து நிரூபிக்கவே முடியாது. குளோன்கள் அதில்தான் குவிந்து கிடக்கின்றன.

கிரைஸ்லர் கார்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவை. ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லிவிடும். 1970, 71-இல் ஆர் என்றால் 426 ஹெமி, வி என்றால் மூன்று கார்பரேட்டர் வைத்த 440, யு என்றால் நான்கு பேரல் கார்பரேட்டர் வைத்த 440 மேக்னம், என் என்றால் 383. ஆண்டுக்கு ஆண்டு எழுத்து மாறும் (1968, 69-இல் ஹெமிக்கு ஜே), எனவே அந்தந்த ஆண்டின் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்டிலும் ஐந்தாவது இடம்தான்: கே என்றால் 289 ஹை பெர்ஃபார்மன்ஸ், ஜி என்றால் பாஸ் 302, இசட் என்றால் பாஸ் 429.

எந்தெந்தத் தாள்களைக் கேட்டு வாங்க வேண்டும்?

போன்டியாக் என்றால் பி.எச்.எஸ். எனப்படும் போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ், தொழிற்சாலைப் பில்லின் நகலைத் தருகிறது. ஃபோர்டு, மெர்க்குரி கார்களில் 1967 முதல் வந்தவற்றுக்கு ‘மார்ட்டி ரிப்போர்ட்’ வாங்கலாம். நிறம், எஞ்சின், அச்சு விகிதம் (பின் அச்சின் கியர் விகிதம்) எல்லாம் அதில் வரும். விற்பவர் காட்டும் நகலை நம்பிவிடாமல் நீங்களே புதிதாக வாங்குங்கள். செலவு சொற்பம்.

செவர்லேக்கு இப்படியொரு வசதி இல்லை. கனடாவில் விற்கப்பட்ட ஜி.எம். கார்களுக்கு மட்டும் ஆவணம் கிடைக்கும். மற்றவற்றுக்குக் காருக்குள்ளேயே தேட வேண்டியதுதான்: பில்ட் ஷீட் எனப்படும் தொழிற்சாலைத் தாள் பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டியிருக்கும், அல்லது சீட் ஸ்பிரிங்குகளுக்குள் செருகியிருக்கும். மோபார் கார்களில் பின்சீட்டுக்கு அடியில் கிடைப்பது வழக்கம். எலி கடித்து, மஞ்சளித்து, பாதி கிழிந்திருந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. புதுத் தாளைத் தேநீரில் நனைத்துப் பழசாக்கியவையும் சந்தையில் உலவுகின்றன. மடிப்புக் கோடும் ஸ்பிரிங் துருக்கறையும் பொருந்தி வருகிறதா பாருங்கள்.

டைட்டில் என்கிற உரிமைப் பத்திரத்தில் (நம்மூர் ஆர்.சி. புத்தகம் மாதிரி) உள்ள எண்ணும் காரில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? விற்பவர் பெயர்தான் அதில் இருக்கிறதா? வேறொருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டைட்டிலை வைத்துக்கொண்டு இவர் விற்கிறார் என்றால் விலகிவிடுங்கள். 17 இலக்க எண் 1981-இல்தான் வந்தது. அதனால் இந்தக் கார்களுக்கு வழக்கமான கணினி வரலாற்று அறிக்கை உதவாது. வி.ஐ.என். தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் பூ வடிவில் இருக்க வேண்டிய ஆண்டுகளில் சாதாரண பாப் ரிவெட் இருந்தால் அந்தக் காரைத் தொடவே வேண்டாம். எண் தகட்டைக் கழற்றி மாற்றுவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

துரு எங்கே ஒளிந்திருக்கும்?

கதவடி, வீல் ஆர்ச் எல்லாம் எல்லோரும் பார்க்கிற இடம், விற்பவரும் அங்கே வேலை பார்த்து வைத்திருப்பார். மற்ற இடங்களைப் பாருங்கள்.

மஸ்டாங் என்றால் முதல் வேலை தண்ணீர் ஊற்றுவது. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் கம்பி வலை இருக்கிறதே, அதன் உள்ளே இருக்கும் பெட்டிதான் கவுல். அதன் வாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். விற்பவரிடம் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் ஒரு செம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முன்சீட்டுக்கு முன்னால் கார்பெட்டைத் தூக்கி, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடியுங்கள். சொட்டினால், அதைச் சரிசெய்ய மேல்தகட்டின் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்துக் கழற்ற வேண்டும். பாகம் மலிவு, கூலிதான் கொல்லும். தரைத்தகடு புதிதாக மாற்றியிருந்தும் கவுல் ஒழுகினால், அந்தப் புதுத் தரையும் கொஞ்ச நாளில் போய்விடும்.

செவல், ஜி.டி.ஓ. போன்ற ஜி.எம். கார்களுக்கு உடம்புக்கு அடியில் ஃபிரேம் என்கிற தனி இரும்புச் சட்டகம் உண்டு. பின்சக்கரத்துக்கு மேலும் பின்னாலும் சட்டகம் வளையும் இடத்தில் சேறு தங்கி உள்ளிருந்து அரிக்கும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள்: ‘டங்’ என்று ஒலித்தால் நல்ல இரும்பு, ‘பொத்’ என்றால் உள்ளே பொடி. வினைல் கூரை போட்ட கார் என்றால் துணிக்கு அடியில் கொப்புளம் தெரிகிறதா, பின்கண்ணாடியின் கீழ் ஓரத்தில் விரல் அழுத்தினால் நொறுங்குகிறதா என்று பாருங்கள். கண்ணாடியைச் சுற்றிய குரோம் பட்டையைப் பிடிக்கும் ஆணிகளில்தான் தண்ணீர் தேங்கும், அங்கிருந்து டிக்கித் தரைக்கு இறங்கும்.

மோபாரில் பின்கண்ணாடிக்கும் டிக்கி மூடிக்கும் நடுவே உள்ள குறுகிய தகடு, டிக்கித் தரை, பின் சேஸிஸ் தண்டுகள். அதோடு முன்சீட்டுக்கு அடியில் டார்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பிகள் கோர்க்கும் குறுக்குச் சட்டகம். முன் சஸ்பென்ஷனின் முழு பாரமும் அதில்தான். அது இற்றுப்போன காரை விலை எவ்வளவு குறைந்தாலும் முதல் காராக வாங்க வேண்டாம்.

புதுப் பெயின்டுக்கு அடியில் பட்டி இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் ஏறக்குறைய 100–150 மைக்ரான். மறுபடி அடித்தது 200–300 இருக்கும். பழைய காரில் இது இயல்புதான். 1000-ஐத் தாண்டினால் பட்டி. பக்கத்துக்குப் பத்து இடம் அளந்து எழுதுங்கள். கூரையில் 250-உம் பின் ஃபெண்டர் கீழ்ப்பகுதியில் 1800-உம் வந்தால் அங்கே என்ன நடந்தது என்பது விளங்கிவிடும். மீட்டர் இல்லாவிட்டால் மெல்லிய துணி சுற்றிய காந்தம் போதும்.

எஞ்சினை எப்படிச் சோதிப்பது?

போய் இறங்கியதும் மேனிஃபோல்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறும் வரை மற்ற வேலையைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் ஆனதும் ஒரு வீச்சு நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், பெரிய செலவில்லை. ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலம் என்றால் பிஸ்டன் ரிங். சூடான பின்பும் இனிப்பு வாசனையோடு வெள்ளைப்புகை என்றால் ஹெட் கேஸ்கெட். எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் பாருங்கள். எண் பெரிதா என்பதைவிட எட்டும் நெருக்கமாக இருப்பதே முக்கியம், 10–15 சதவீதத்துக்குள். நன்றாகச் சூடேறி ஐடிலில் ஓடும்போது ஆயில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.-க்குக் கீழே போகக் கூடாது.

யாரும் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய ஒன்று: டைமிங் செயின் மாற்றியிருக்கிறார்களா? சத்தம் குறையட்டும் என்று அக்காலத்தில் பல எஞ்சின்களில் கேம் ஷாஃப்ட் கியரின் பற்களை நைலானில் செய்தார்கள். ஐம்பது ஆண்டுச் சூட்டில் அது பிஸ்கட் மாதிரி நொறுங்கும். துண்டுகள் ஆயில் பானில் விழுந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் எஞ்சினே போயிற்று. கடைசியாக எஞ்சினைத் திறந்த ரசீது இல்லையென்றால் இந்த வேலைக்கும் பணம் ஒதுக்கிவைத்து விலை பேசுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

முதலில் பிரேக். 1966 வரையிலான பெரும்பாலான கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். ஒரு சக்கரத்தின் ஹோஸ் வெடித்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். 1967 முதல் இரட்டை அறை வந்தது. பழையதாக இருந்தால் வாங்கியதும் முதல் வேலையாக இரட்டை அறைக்கு மாற்றுங்கள். கழற்றிய அசல் பாகத்தைப் பெட்டியில் பத்திரப்படுத்தினால் காரின் மதிப்பு குறையாது.

அச்சு விகிதத்தைக் கேளுங்கள். 4.10 விகிதம் என்றால் 27 அங்குல டயரோடு மணிக்கு 60 மைலில் எஞ்சின் சுமார் 3,060 சுற்றில் கத்திக்கொண்டிருக்கும். 3.31 என்றால் 2,470. நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிற எண்ணமிருந்தால் இந்த வித்தியாசம் காதிலேயே தெரியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 1412 என்றால் 2012-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். பட்டன் தேயாத அழகான டயராக இருக்கலாம், பத்து வயதைத் தாண்டியதை நம்பி வேகமெடுக்காதீர்கள்.

வாங்கியதும் என்னென்ன மாற்ற வேண்டும்?

எல்லா ரப்பரும், எல்லாத் திரவமும். இன்றைய பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால். பழைய எரிபொருள் ஹோஸ் உள்ளிருந்து ஊறி உதிரும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவதுதான் இந்தக் கார்கள் தீப்பிடிக்க வழி. ஜே30ஆர்9 தர ஹோஸை டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை மாற்றுங்கள், சில அடிகள்தான்.

ஆயில் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். விலையுயர்ந்த நவீன ஆயிலை ஊற்றினால் நல்லது என்று நினைக்கிறார்கள். இந்த எஞ்சின்களில் கேம் ஷாஃப்ட் மேல் தட்டையான டேப்பட் உரசிக்கொண்டே ஓடுகிறது. அந்த உரசலைத் தாங்குவது ஆயிலில் உள்ள துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம். மாசுக் கட்டுப்பாட்டுக்காகப் புது ஆயில்களில் பாஸ்பரஸை 800 பி.பி.எம். அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். கிளாசிக் காருக்கென்று விற்கும், 1,000–1,200-க்கு மேல் உள்ள ஆயிலை வாங்குங்கள். ‘ஸ்மால் பிளாக்’ எனப்படும் செவர்லேயின் சிறிய வி8-க்கு ஃபில்டரோடு 5 குவார்ட் பிடிக்கும்.

ஏலத்திலோ படம் பார்த்தோ வாங்கலாமா?

முதல் காரை வேண்டாம். ஏலக்கூடத்தில் காரை ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், தூக்கிப் பார்க்கவும் முடியாது. விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணமும் உண்டு: 10 சதவீதம் என்றால் 50,000 டாலர் கார் 55,000. இணையத்தில் வாங்குவதானால் அந்த ஊரிலேயே உள்ள, அதே வகைக் காரை அறிந்த ஒருவருக்குச் சில நூறு டாலர் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவரிடம் அடிப்பக்கம், டிக்கித் தரை, எண் முத்திரைகள், குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் காணொளி கேளுங்கள். தரத் தயங்கினால் அதுவே பதில்.

துருப்பிடித்த காரை மலிவாக வாங்கி நானே சரிசெய்தால் லாபமில்லையா?

இல்லை. முழுப் புதுப்பித்தல் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் விழுங்கும் வேலை. பட்டறைக் கூலியைப் பெருக்கிப் பாருங்கள், முடிந்த கார் ஒன்றின் விலையைத் தாண்டிவிடும். கற்றுக்கொள்ளும் ஆசையில் செய்வதானால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் முழுமையான, ஓடுகிற காரிலிருந்து தொடங்குங்கள். பெட்டி பெட்டியாகக் கழற்றி வைத்த காரில் எது இல்லை என்பதே பாதி வேலை முடிந்தபின்தான் தெரியும்.

காப்பீடு?

‘அக்ரீட் வேல்யூ’ பாலிசி மட்டும். கார் முழுதாகப் போனால் பேசி ஒத்துக்கொண்ட தொகை அப்படியே கிடைக்கும். ‘ஸ்டேட்டட் வேல்யூ’ என்பது கேட்க ஒன்றுபோல் இருந்தாலும் அதில் நிறுவனம் குறைத்துக் கொடுக்க இடமுண்டு. பூட்டிய கராஜ், அன்றாட ஓட்டத்துக்கு வேறு கார் என்று நிபந்தனை போடுவார்கள்.

டொரண்டோவில் இருக்கிறேன். அமெரிக்காவில் வாங்கி ஓட்டி வரலாமா?

வரலாம். 15 ஆண்டைக் கடந்த கார்களுக்குக் கனடாவின் ஆர்.ஐ.வி. என்கிற இறக்குமதி வாகனப் பதிவுத் திட்டம் பொருந்தாது என்பதால் அந்தத் தலைவலி இல்லை. அமெரிக்கப் பக்கம்தான் கவனம் வேண்டும்: நீங்கள் கடக்கப்போகும் எல்லைச் சாவடியின் அமெரிக்கச் சுங்கத்துக்கு மூல டைட்டில் விவரங்களைக் குறைந்தது 72 மணி நேரம் முன்பே அனுப்பி, ஏற்றுமதி முத்திரை வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை காரைப் பார்த்துப் பணம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை எல்லையைத் தாண்டத் திட்டமிட்டால் நடக்காது. விலையை முடித்தவுடன் டைட்டிலின் இரு பக்க நகலை வாங்கி அனுப்பிவிட்டு, காரை எடுக்க அடுத்த வாரம் போங்கள். பனிக்காலத்தில் எல்லை தாண்டுவதானால் டிரெய்லரில் ஏற்றிவாருங்கள், ஒரே ஒரு பயணத்தின் உப்புத் தண்ணீரும் காரின் இரும்புச் சட்டகத்துக்குள் போய்த் தங்கிவிடும்.